அண்ணாச்சி கேஸ் வெளியே போன வழி

1. பூட்டிய கடை

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணி இருக்கும். வஞ்சியூர் கோர்ட்டில் நகல் கொடுக்கிற காப்பி செக்‌ஷன் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நான் குமாஸ்தாவாக இருக்கிற ஆபீஸின் வக்கீல் கோமதி மேடம் போன் செய்தார்.

"தாஸண்ணா, எல்லாத்தையும் விட்டுட்டு உடனே சாலை பஜாருக்குப் போங்கோ. கமிஷனர் வந்துண்டிருக்கார்."

கமிஷனர் என்றால் இங்கே போலீஸ்காரர் இல்லை. கோர்ட் நியமிக்கிற ஒரு வக்கீல். தகராறில் இருக்கும் இடத்தை நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார். முந்தின நாள்தான் எதிர்த்தரப்பு கேட்டு ஆர்டர் வாங்கியிருந்தது. இத்தனை வேகமாக வருவார் என்று நாங்கள் நினைக்கவில்லை.

ஆட்டோவில் போய் இறங்கியபோது எங்கள் கட்சிக்காரர் ஆறுமுகம் அண்ணாச்சியின் பாத்திரக் கடை முன்னால் கமிஷனர் நின்றிருந்தார். ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டு பூட்டு. பூட்டை ஒரு போட்டோ, ஷட்டரை ஒரு போட்டோ, கரண்டு மீட்டரை ஒரு போட்டோ எடுத்தார். பக்கத்து அரிசிக் கடைக்காரரிடம் கேட்டார். "கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்காரு" என்றார் அவர். கமிஷனர் அதையும் எழுதிக்கொண்டார்.

அண்ணாச்சி அந்த நேரத்தில் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில், நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யு.வில் கிடந்தார். கல்யாணம் என்பது அவரே சொல்லிவிட்டுப் போன பொய். உடம்பு முடியாத ஆள் என்று தெரிந்தால் சரக்கு கொடுக்கிறவன் கை நடுங்கும், கட்டட ஓனருக்குத் துணிச்சல் வரும் என்று பயந்தார். ஆஸ்பத்திரி விவரம் அவர் குடும்பத்துக்குத் தெரியும். எங்கள் ஆபீஸுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

கேஸ் இதுதான். கட்டட ஓனர் தன் மகனுக்குக் கடை வேண்டும் என்று அண்ணாச்சியைக் காலி செய்யக் கேட்டிருந்தார். கேரளா வாடகைச் சட்டத்தில் வாடகைக்காரனுக்கு ஒரு காவல் உண்டு. அவன் பிழைப்பு முக்கியமாக அந்தக் கடையை நம்பி இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் அவனுக்குத் தோதான வேறு இடம் கிடைக்காமல் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அந்தக் காரணத்தைச் சொல்லி இறக்கிவிட முடியாது. ஆகையால் எதிர்த்தரப்புக்கு இரண்டு வழி. ஒன்று, கடை நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். இல்லையென்றால், வேறு இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அன்றைக்கு முதல் வழிக்கு வேண்டிய போட்டோவை எடுத்துவிட்டார்கள்.

2. எங்கள் ஆபீஸ்

நான் ஞானதாஸ். வக்கீல் குமாஸ்தா. பத்தாம் வகுப்பு படிப்பு. ஊர் நெய்யாற்றின்கரை பக்கம். காலையில் வேதம் வாசித்து ஜெபித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். சொந்தமாக ஆபீஸ் போட நினைக்கிற இளம் வக்கீல்களுக்கும் அவர்களிடம் சேரப்போகிற குமாஸ்தாக்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோமதி மேடம் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பெரிய சீனியரிடம் பன்னிரண்டு வருஷம் ஜூனியராக இருந்தார். நானும் அதே ஆபீஸில்தான் குமாஸ்தா. அங்கே எட்டு ஜூனியர், நான்கு குமாஸ்தா. மேடம் தனியாக வந்தபோது என்னையும் கூப்பிட்டார். ஒரே அறை. ஒரு அலமாரி. வாசலில் பெயர்ப் பலகை, ஒரு முழ நீளம். விளம்பரம் செய்ய வக்கீலுக்கு அனுமதி கிடையாது. வருகிற ஆள்தான் அடுத்த ஆளைக் கூட்டி வரவேண்டும்.

மேடம் வாடகைக் கேஸை மட்டும் பிடித்துக்கொண்டார். கிரிமினல் வந்தால் வேறு வக்கீலிடம் அனுப்புவார். ஜெயிக்காத கேஸை ஜெயிக்காது என்று முதல் நாளே சொல்லிவிடுவார். கோர்ட் முடிந்து வந்ததும் அன்றைக்கு என்ன நடந்தது, அடுத்த போஸ்டிங், அதாவது வாய்தா, என்றைக்கு என்று ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் இரண்டு வரி மெசேஜ் அனுப்புவார். கேட்க இது சின்ன விஷயம். பெரிய ஆபீஸ்களில் இது நடப்பதில்லை. சாலையில் எங்கள் பெயர் பரவியது இந்த இரண்டு வரியால்தான்.

முதலில் வந்தவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். அவர் சொல்லித்தான் அரிசிக் கடை வந்தது, கயிற்றுக் கடை வந்தது, ஜவுளிக் கடை வந்தது. சாலையிலிருந்து மட்டும் பதினோரு கேஸ். அண்ணாச்சி கடையை இழந்தால் பதினோரு பேரும் பார்ப்பார்கள். எங்கள் ஆபீஸால்தான் இழந்தார் என்று தெரிந்தால் பதினோரு ஃபைலும் ஒரே வாரத்தில் இறங்கிப் போய்விடும். பெரிய ஆபீஸ் அதைத் தாங்கும். ஒற்றை வக்கீல் தாங்கமாட்டார்.

ஆபீஸ் திறந்த அன்று மேடம் எனக்கு ஒரே ஒரு சட்டம் சொன்னார். "தாஸண்ணா, இங்கே கேட்டது இங்கேயே இருக்கணும். மன்னிகிட்டகூடச் சொல்லப்படாது." நான் அதைக் கைக்கொண்டேன். என் மனைவி எஸ்தர் கேட்டால்கூட "கோர்ட்டுக் காரியம்" என்று வாயை மூடிக்கொள்வேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. திங்கட்கிழமைக் கையெழுத்து

கமிஷனரை அனுப்ப வேண்டும் என்று எதிர்த்தரப்பு கொடுத்த அப்ளிகேஷனின் காப்பியை சனிக்கிழமை உட்கார்ந்து வாசித்தேன். கூடவே கட்டட ஓனரின் அஃபிடவிட். 'கடை நீண்ட நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, வியாபாரம் நின்றுவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்துக்குக் கீழே தேதி திங்கட்கிழமை.

அண்ணாச்சி கடையைப் பூட்டியது புதன்கிழமை காலை.

பூட்டப்போகிறார் என்று திங்கட்கிழமையே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மேடத்திடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"இது நமக்கு நல்லதும்தான், கெட்டதும்தான்" என்றார். "நல்லதை நான் பார்த்துக்கறேன். கெட்டது என்னன்னா, நம்மகிட்ட இருந்து பேச்சு வெளியே போறது."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

முதல் சந்தேகம் சசியின் மேல். எதிர்த்தரப்பு வக்கீல் வேறு யாருமில்லை, எங்கள் பழைய சீனியர்தான். சசி அவருடைய ஹெட் குமாஸ்தா. அங்கே இருந்த காலத்திலிருந்து எனக்கும் அவனுக்கும் பதினொரு மணிக்குச் சேர்ந்து சாயா குடிக்கிற பழக்கம். அவனிடம் வாய் தவறி எதையாவது சொன்னேனா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. நினைவில்லாததே பயமாக இருந்தது. நேரே கேட்டுவிட்டேன்.

"சசி, அண்ணாச்சி கடை பூட்டுவார்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் சிரித்தான். "எடோ தாசே, எங்க சாரு எனக்கு ஒரு வரி காட்டமாட்டாரு, நினக்குத் தெரியாதா? நான் ஃபைலைச் சுமக்குற ஆளு. வாசிக்குற ஆளு இல்ல."

"பின்ன உங்க கட்சிக்காரனுக்கு சொப்பனத்துலயா தெரிஞ்சுது?"

அவன் முகம் மாறியது. "நீ என்னையா சம்சயிக்கிற?"

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பதினொரு மணிக்கு நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

4. பிந்துவின் கம்ப்யூட்டர்

சசி இல்லையென்றால் வேறு யார்? அண்ணாச்சி கேஸுக்கு வியாழக்கிழமை போஸ்டிங் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேரப்போவதால், புதன்கிழமையிலிருந்து ஊரில் இருக்கமாட்டார் என்று மட்டும் சொல்லி டைம் கேட்டு ஒரு அப்ளிகேஷன் தயார் செய்திருந்தோம். அதை டைப் செய்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. டைப் செய்தவள் பிந்து.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறாள். டைப், பிரிண்ட், ஸ்கேன், ஈ-ஃபைலிங் எல்லாம் அங்கேதான். எங்களைப் போன்ற சின்ன ஆபீஸ்களுக்குத் தனி டைப்பிஸ்ட் கட்டுப்படியாகாது. பத்துப் பதினைந்து குமாஸ்தாக்கள் ஒரே கடையில் போய் நிற்போம். வாதியின் பெட்டிஷனும் பிரதிவாதியின் பதில் மனுவும் ஒரே கம்ப்யூட்டரில் கிடக்கும். அதுவரைக்கும் அது எனக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் வந்த பிறகு அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

ஒரு நாள் போய் அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். எங்கள் ஃபைல்கள் எல்லாம் டெஸ்க்டாப்பில் வரிசையாக இருந்தன. பக்கத்தில் பழைய சீனியர் ஆபீஸின் பெயரில் ஒரு ஃபோல்டர்.

"இவங்களுக்கும் நீதான் டைப் செய்யுதியா?"

"செய்யும் சேட்டா. எல்லார்க்கும் செய்யும். எந்தா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். எங்கள் ஃபைல்களை எல்லாம் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழிக்கச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழித்தாள். அடுத்த நாளிலிருந்து தம்பானூரில் வேறு ஒரு கடைக்குப் போனேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மற்ற குமாஸ்தாக்கள் "என்ன தாசே, பிந்து கடையை விட்டுட்டே?" என்று கேட்டபோது நான் சும்மா இருக்கவில்லை. "அங்க கொடுக்கிற பேப்பர் எங்க போகுதுன்னு தெரியாது. பாத்துக்கிடுங்க" என்றேன். அவள் கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் சொன்னேன். மூன்று ஆபீஸ்காரர்கள் கடை மாறினார்கள். எனக்கு அப்போது ஒரு நல்ல காரியம் செய்த திருப்திகூட இருந்தது. ஆண்டவர் மன்னிப்பாராக.

5. கிள்ளிப்பாலத்து அறை

அண்ணாச்சி தேறி வந்து கடை திறந்தார். இரண்டு மாதம் கழித்து அவருடைய கிராஸ், அதாவது எதிர் வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிற நாள் வந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் மேடம் ஒரு யோசனை சொன்னார். வேறு இடம் கிடைக்காது என்று வெறும் வாயால் சொன்னால் போதாது, தேடிப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். ஆகையால் நானும் அண்ணாச்சியும் கிள்ளிப்பாலத்தில் ஒரு அறை பார்த்தோம். சந்து. லாரி திரும்பாது. பாத்திர மூட்டை இறக்க முடியாது. பெயரைக்கூடச் சொல்லாமல் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். மேடம் கேட்டுவிட்டு, "சரி, இதைச் சமயம் வரும்போது நாமே சொல்லலாம்" என்றார். எங்கேயும் எழுதவில்லை. டைப் செய்யவில்லை. எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

கிராஸ் அன்று பழைய சீனியர் எழுந்தார். மூன்றாவது கேள்வியே அதுதான். கிள்ளிப்பாலத்தில் ஒரு அறை பார்த்தீர்களா இல்லையா?

அண்ணாச்சி கூண்டில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "பாத்தேன்" என்றார். லாரி திரும்பாது என்பதையும் சொன்னார். ஆனால் எங்கள் வாயிலிருந்து முதலில் வரவேண்டியது அவர்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒளித்து வைத்தவன் பிடிபட்ட மாதிரி ஆகிவிட்டது.

வெளியே வராந்தாவில் அண்ணாச்சி வெடித்தார்.

"என்னவே நடக்கு இங்க? நான் தும்முனா அவனுவளுக்குக் கேக்கு! ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியுது, அறை பாத்தது தெரியுது. நாளைக்கு நான் என்ன கொழம்பு ஊத்திச் சாப்பிட்டேன்னு கேப்பானோ?"

"அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா" என்றேன்.

"என்ன மெதுவா? வக்கீலம்மா, ஒங்க மேல நம்பிக்கை வச்சு வந்தேன். எனக்க கடைதான் எனக்கு எல்லாம். அது போச்சுன்னா நான் எங்க போவேன்? ஒங்க ஆபீஸ்ல யாரோ வாயைத் தொறந்துகிட்டு இருக்காவ. யாருன்னு கண்டுபிடிங்க. இல்லைன்னா கேஸ் கட்டைக் கொடுத்துருங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

மேடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். அண்ணாச்சி தலையை ஆட்டாமல் போனார்.

அறை விஷயம் டைப் ஆகவே இல்லை என்பதால் பிந்து இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சசியும் இல்லை, அவனிடம் நான் பேசியே இரண்டு மாதம். மிச்சம் மூன்று பேர். அண்ணாச்சி தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்ளமாட்டார். அப்படியானால் மேடம், நான்.

அன்று சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது மேடம் அலமாரிச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஏழு வருஷமாக அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எழுத வெட்கமாக இருக்கிறது. மேடத்தைச் சந்தேகப்பட்டேன். பழைய சீனியர் அவருக்குக் குரு. பார் அசோசியேஷன் வாசலில் பார்த்தால் இன்றைக்கும் நின்று பேசுவார்கள். நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நான் இல்லையென்றால் அவர்தானே? அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒரே அறையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு பத்து நாள் வேலை செய்தோம்.

6. ஞாயிற்றுக்கிழமை

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். எஸ்தர் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த அண்ணாச்சிக்கு வேற ரூம் எதுவும் சரியாகல்லியா? கிள்ளிப்பாலத்துல லாரி போகாதுன்னா வேற எங்கயாவது பாக்கப்படாதா?" என்றாள்.

பூண்டைக் கீழே வைத்தேன். "உனக்கு யாரு சொன்னா?"

"எதை?"

"கிள்ளிப்பாலம்! உனக்கு யாரு சொன்னான்னு கேட்டேன்! உன்னை யாராவது கோர்ட்டுல இருந்து வந்து பாத்தாவளா? போன் வந்துதா?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன ஆச்சு? நீங்கதானே சொன்னிய."

"நான் உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல!"

"எனக்கிட்ட எங்க சொன்னிய? எனக்கிட்டதான் ஒண்ணும் சொல்லமாட்டியளே. வெள்ளிக்கிழமை ஜெபத்துல ஆண்டவர்ட்ட சொன்னிய. முழங்கால்ல நின்னு, கண்ணீரோட. நாங்க எல்லாரும் ஆமென் சொன்னோமே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கத்தில் வீட்டு ஜெபம் உண்டு. வாரம் ஒரு வீடு. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பாரத்தைச் சொல்லிச் சத்தமாக ஜெபிப்பது வழக்கம். எனக்கு அண்ணாச்சி பாரம்தான். எப்படி ஜெபித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். 'ஆண்டவரே, சாலையில பாத்திரக் கடை வச்சிருக்கிற ஆறுமுகம் அண்ணாச்சி புதன்கிழமை கடையைப் பூட்டிட்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்குப் போறார், அவருக்கு நெஞ்சுல பலம் கொடும்.' அது ஒரு வெள்ளிக்கிழமை. 'ஆண்டவரே, அண்ணாச்சிக்குக் கிள்ளிப்பாலத்துல பார்த்த அறைக்கு லாரி போகாது, வேற வழியைக் காட்டும்.' அது இன்னொரு வெள்ளிக்கிழமை.

மனைவியிடம் சொல்லவில்லை. சசியிடம் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதாகவே எண்ணவில்லை.

"அங்க வாறவங்கள்ல யாருக்கு அந்தக் கட்டட ஓனரைத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ரோசம்மாக்கு மகன் அவருகிட்டதானே மேனேஜரா இருக்கான். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அந்த அம்மாளுக்கு ஒரு மகன் இருக்கிறான், வேலைக்குப் போகிறான் என்றுதான் தெரியும்.

அன்றே ரோசம்மாள் வீட்டுக்குப் போனோம். ரோசம்மாளுக்கு எழுபது வயது. மறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. சந்தோஷமாகச் சொன்னார்.

"ஆமா தாசே. எனக்க மவன்கிட்டதான் சொன்னேன். பாவம் அந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஆபரேஷன், கடையைப் பூட்டிட்டுப் போறாரு, நீ மொதலாளிட்ட சொல்லி அவரை விட்டுரச் சொல்லுலேன்னேன். கிள்ளிப்பாலத்துல பாத்த ரூமும் சரியாவாம அலையுதாருன்னும் சொன்னேன். அவன் மனசு எளகுமேன்னு சொன்னேன். என்ன, ஏதாவது கொணம் கிட்டிச்சா?"

"ஜெபம் பண்ணுங்க அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7. சொல்லிவிட்டேன்

திங்கட்கிழமை காலை மேடம் வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுப் போகிறேன் என்றும் சொன்னேன்.

மேடம் கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "பேர் சொல்லியா பிரார்த்தனை பண்ணினேள்?" என்றார்.

"ஆமா மேடம். பேரு, கடை, கிழமை, ஆஸ்பத்திரி."

"ஏன் அண்ணா, ஸ்வாமிக்குக் கேஸ் நம்பர் வேணுமா?"

நான் அழுதேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் உங்களைப் பத்தி என்னவெல்லாமோ நினைச்சேன். பழைய ஆபீஸ்லேர்ந்து ஏதாவது பணம் வாங்கறேளோன்னுகூட நினைச்சேன்."

"நானும் உங்களை நினைச்சேன் மேடம்."

"என்னையா?" என்றார். சிரிக்கப்போனார், சிரிக்கவில்லை. "வேலையை விட்டுப் போறேன்னு சொல்றது ஈஸி. முதல்ல என்கூட வந்து அண்ணாச்சிகிட்ட சொல்லுங்கோ. தபால்லயோ போன்லயோ சொல்ற விஷயம் இல்ல இது."

வெளியே தெரியாமல் மூடிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணாச்சிக்கு வழி எப்படித் தெரியும்? இனிமேல் வாயை மூடிக்கொண்டால் கசிவும் நின்றுவிடும், கேஸும் ஓடும். நான் அதை ஒரு வார்த்தை மேடத்திடம் சொல்லிப் பார்த்தேன். "அப்புறம் நான் எந்த முகத்தோட அவர்கிட்ட உங்க ரகசியத்தைச் சொல்லுங்கோன்னு கேப்பேன்?" என்றார். கேஸ் கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி திருப்பிக் கேட்டால் அங்கேயே கொடுத்துவிட.

கடையில் அண்ணாச்சி குடத்து மேல் குடம் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். கேட்டு முடித்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்காவ ஜெபம் பண்ணுனீரா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரியில கெடந்தப்பமுமா?"

"வாரந்தோறும்."

அவர் கொஞ்ச நேரம் ஒரு குண்டான் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இரும். ஆனா இனிமே எனக்க ஃபைலை நீரு தொடக்கூடாதுவே." மேடத்தைப் பார்த்து, "ஒங்களுக்குச் சம்மதம்னா கட்டு அங்கனயே இருக்கட்டு. இவரு கை படக்கூடாது" என்றார்.

மேடம் சம்மதித்தார்.

8. மேடம் குமாஸ்தா ஆனது

ஒரே குமாஸ்தா உள்ள ஆபீஸில் குமாஸ்தா ஒரு ஃபைலைத் தொடக்கூடாது என்றால் என்ன ஆகும்? வக்கீல் தொடவேண்டும். ஏறக்குறைய ஒரு வருஷம் மேடம் அந்த ஒரு கேஸுக்குத் தானே ஸ்டாம்ப் ஒட்டினார், தானே ஸ்கேன் செய்தார், காப்பி செக்‌ஷனில் குமாஸ்தாக்களோடு வரிசையில் நின்றார். கறுப்புக் கோட்டோடு நிற்கிற அவரைப் பார்த்து மற்ற வக்கீல்கள் "கோமதி, குமஸ்தன் ஓடிப்போயோ?" என்று கேட்பார்கள். நான் இருபது அடி தள்ளி வேறு ஃபைலோடு நிற்பேன். எனக்குக் கிடைத்த தண்டனை அதுதான். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

கட்டட ஓனரைக் கிராஸ் செய்கிற நாளில் மேடம் அந்த அஃபிடவிட்டை எடுத்தார். நீண்ட நாளாகப் பூட்டிக் கிடக்கிறது என்று எழுதியது உண்மையா? உண்மை. எந்த நாளில் கையெழுத்துப் போட்டீர்கள்? திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமையும் மறுநாள் செவ்வாய்க்கிழமையும் அண்ணாச்சி போட்ட ஜி.எஸ்.டி. பில்களை மேடம் வரிசையாக வைத்தார். பதினேழு பில். கடை திறந்து வியாபாரம் நடந்துகொண்டிருந்த நாளில் பூட்டிக் கிடக்கிறது என்று சத்தியம் செய்திருக்கிறார். ஓனர் தண்ணீர் கேட்டார். முன்கூட்டித் தெரிந்த அவசரத்தில் முந்திக்கொண்டு எழுதியதுதான் அவரைக் கவிழ்த்தது. அண்ணாச்சியின் சம்மதத்தோடு ஆஸ்பத்திரி ரிக்கார்டையும் மேடம் வைத்தார். போட்டோவில் இருந்த பூட்டுக்கு அதோடு மதிப்புப் போயிற்று. கிள்ளிப்பாலத்துச் சந்தில் லாரி திரும்பாது என்பதற்கு மேடமே கேட்டு ஒரு கமிஷனரை வரவழைத்து ரிப்போர்ட் வாங்கியிருந்தார்.

ஓனரின் பெட்டிஷன் தள்ளுபடி ஆனது. எனக்கு அதைச் சொன்னது சசி. பதினொரு மணி சாயாவுக்கு நான் போய் மன்னிப்புக் கேட்டிருந்தேன். அவன் "சரி, இன்னைக்கு சாயா நின்டே செலவு" என்றதோடு முடித்துவிட்டான்.

9. பிந்து

பிந்து அப்படி முடிக்கவில்லை. அவள் கடைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை கூட்டம், பேச முடியவில்லை. இரண்டாவது தடவை அவளே எழுந்து போய்விட்டாள். மூன்றாவது தடவை நான் சொன்னதை நின்று கேட்டாள்.

"சேட்டன் என்னை சம்சயிச்சது தப்பில்ல" என்றாள். "யாருக்கும் வரும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் நோக்கிச் சொல்லியிருப்பேன். கேக்காம நாடு முழுக்கச் சொன்னீங்கல்ல, அதுதான்."

கடை மாறிய மூன்று ஆபீஸ்காரர்களிடமும் நானே போய் என் தப்பைச் சொன்னேன். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் வரவில்லை. எங்கள் வேலையை அவள் இன்றுவரை எடுப்பதில்லை. எதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். இதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை.

தனியாக ஆபீஸ் போடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கட்சிக்காரர் உங்களிடம் கொண்டுவருவது கேஸ் மட்டுமல்ல, அவர் வீட்டிலும் சொல்லாத காரியம். அது எந்த வழியாக வெளியே போகும் என்று சந்தேகப்படுங்கள், சந்தேகப்படத்தான் வேண்டும். அலமாரியைப் பூட்டுங்கள். ஆனால் முதல் சந்தேகம் உங்கள் மேலேயே இருக்கட்டும். நல்ல எண்ணத்தோடு எங்கெங்கே வாயைத் திறக்கிறீர்கள் என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். கெட்ட எண்ணத்தோடு பேசும்போது நமக்கே தெரியும், குரலைத் தாழ்த்துவோம். நல்ல எண்ணத்தோடு பேசும்போது சத்தமாகப் பேசுவோம். நான் அப்படித்தான் பேசினேன். தப்பு நடந்தால் கட்சிக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். மேடம் அன்று கேஸ் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் எங்கள் ஆபீஸ் இன்று இருக்காது.

10. அப்பீல் நோட்டீஸ்

ஓனர் அப்பீல் போனார். நோட்டீஸ் கடைக்கு வந்தது. அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். மேடம் அறையில் புதிதாகப் போட்ட தடுப்புக்கு உள்ளே வேறு கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வந்தால் நான் எழுந்து நகர்ந்து நிற்பது வழக்கமாகிவிட்டிருந்தது. அன்றும் எழுந்தேன்.

"எங்கவே ஓடுதீரு? இரும்" என்றார். நோட்டீஸை என் மேஜை மேல் வைத்தார். "என்னைக்குப் போஸ்டிங்குன்னு பாத்துச் சொல்லும்."

நான் அதைத் தொடவில்லை. "மேடம் வந்துருவாங்க அண்ணாச்சி."

"ஒம்மகிட்டதானவே கேட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். தேதியைப் பார்த்தேன். டைரியில் எழுதினேன். ஒரு காகிதத்தில் எழுதி அவரிடமும் கொடுத்தேன். அவர் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அடுத்த மாசம் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கான். செக்கப்புதான்னு சொல்லுதான். எனக்கு என்னமோ பயமாத்தான் இருக்கு." செருப்பை மாட்டிக்கொண்டார். "ஜெபம் பண்ணும். ஆனா வாயைத் தொறக்காம பண்ணும், என்ன?"

அவர் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். நேரம் போனது தெரியவில்லை. மேடம் உள்ளே இருந்து கூப்பிட்டார்.

"தாஸண்ணா, என்ன பண்றேள் அங்கே?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.